தண்ணீரை எண்ண வழி காட்டிய வக்கீல்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை. இடைவேளை நேரம். தொழிலாளி ஒருவர் டம்ளரில் தண்ணீர் குடிக்கிறார்.

அந்தத் தண்ணீரில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கும்?

மூலக்கூறு என்பது தண்ணீரின் மிகச் சிறிய துகள். அதையும் உடைத்தால், அது தண்ணீராக இராது.

அதை எண்ண வழி காட்டியவர் ஒரு வக்கீல்! அவர் பெயர் அவகாட்ரோ.

சட்டம் படித்தார்

இத்தாலியில் டூரின் நகரில் 1776-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி பிறந்தார். தந்தையும் சட்டம் படித்தவர். மகன் 20 வயதிலேயே சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

ஆனால், மனம் கணக்கையும் பௌதிகத்தையும் நாடியது. தொழிலை விட்டார். வெர்செல்லி என்ற ஊரில் ஆசிரியர் ஆனார்.

1811-ல் ஓர் உண்மையைச் சொன்னார். ஒரே அளவுள்ள இரண்டு குடுவைகள். ஒன்றில் ஒரு வாயு. மற்றொன்றில் வேறொரு வாயு. சூடும் அழுத்தமும் ஒன்றாக இருந்தால், இரண்டிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே!

யாரும் ஏற்கவில்லை

பிராணவாயுவின் மூலக்கூறில் 2 அணுக்கள் உண்டு என்றும் சொன்னார். ஒரே வகை அணுக்கள் ஒன்றோடொன்று சேராது என்று பெரிய விஞ்ஞானிகள் நம்பிய காலம் அது. அவர் பேச்சு எடுபடவில்லை.

1820-ல் டூரினில் பேராசிரியர் ஆனார். அரசியல் கலகத்துக்குப் பின், 1822-ல் அந்தப் பதவியே ஒழிக்கப்பட்டது. 1834-ல்தான் திரும்பக் கிடைத்தது.

1856-ல் காலமானார். வயது 79. தம் சொல்லை உலகம் ஏற்றதை அவர் பார்க்கவில்லை.

4 ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியில் விஞ்ஞானிகள் மாநாடு நடந்தது. கனிசாரோ என்ற இத்தாலியர், அவகாட்ரோ சொன்னதே சரி என்று எடுத்துக் காட்டினார். உலகம் விழித்துக்கொண்டது.

எண் கிடைத்தது

எண்ணைக் கணக்கிட்டவர்கள் பின்னால் வந்தவர்கள். 1909-ல் அதற்கு அவகாட்ரோ எண் என்று பெயர் வைத்தவர் பிரான்சு நாட்டு விஞ்ஞானி பெரின்.

கணக்கு எளிது. 18 கிராம் தண்ணீரில் உள்ள மூலக்கூறுகள், 6 போட்டு 23 பூஜ்யம் சேர்த்த அளவு! டம்ளரில் 180 கிராம் தண்ணீர் இருந்தால், இன்னும் ஒரு பூஜ்யம்.

18 கிராமை மட்டும், உலகின் 800 கோடிப் பேரும் வினாடிக்கு ஒன்றாக இரவு பகல் எண்ணினாலும், சுமார் 24 லட்சம் ஆண்டு ஆகும்!

அந்தத் தண்ணீரைத் தொழிலாளி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வேலைக்குத் திரும்புகிறார்.