குறியும் செபமும்: புதுவையில் வாழ்ந்த விஸ்தெலூ

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதவியல்)

நாளை என்ன நடக்கும் என்று அறிய விரும்பாத மனிதர் உலகில் இல்லை. எங்கள் மரக்காணத்து உப்பளத்தில் பாத்தி கட்டி நீர் பாய்ச்சியவர், மாலையில் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பாராமல் வீடு திரும்புவதில்லை. ஓர் இரவு மழை பெய்தால் பல நாள் உழைப்பு கரைந்து போகும். வானம் பார்த்தும் மனம் தெளியாதபோது சிலர் அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்க்கின்றனர். சிலர் மாதா படத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றிச் செபிக்கின்றனர். முன்னது குறி கேட்பது, பின்னது வேண்டிக்கொள்வது. இவ்விரண்டையும் வாழ்நாள் முழுவதும் அருகருகே வைத்திருந்த பேரறிஞர் ஒருவர், மரக்காணத்திற்குத் தெற்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அப்பாலுள்ள புதுச்சேரியில் 28 ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தார். சீன இயல் கற்போர் நன்கறிந்த அவர் பெயர் கிளோத் தெ விஸ்தெலூ. பக்கத்து ஊரில் வாழ்ந்த அப்பெரியாரின் வரலாற்றை நாமும் அறிந்துகொள்வது நலம்.

பிறப்பும் பயணமும்

விஸ்தெலூ 1656ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் பிரான்சு நாட்டின் பிரிட்டனிப் பகுதியில் பிறந்தார். 1673இல், தம் பதினேழாம் வயதில், இயேசு சபையில் சேர்ந்து துறவு மேற்கொண்டார். அந்நாளில் பிரான்சை ஆண்ட பதினான்காம் லூயி மன்னர், கணிதமும் வானநூலும் வல்ல இயேசு சபைத் துறவியர் அறுவரைச் சீனாவுக்கு அனுப்பினார். அரசரின் கணித அறிஞர்கள் என்பதே அவர்களுக்கு அளிக்கப்பட்ட பட்டம். 1685 மார்ச்சு 3ஆம் நாள் பிரெஸ்டு துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்பட்டது. அதில் விஸ்தெலூவோடு, அதே ஆண்டில் பிறந்த ஜோவாகிம் புவே என்ற துறவியும் இருந்தார். இவ்விருவரும் பின்னாளில் ஒரே நூலைப் படித்து எதிரெதிர் முடிவுக்கு வந்தனர். அக்கதையைப் பின்னர்க் காண்போம்.

சயாமில் இறங்கிய பின் ஒருவர் பிரான்சுக்குத் திரும்பிவிட, எஞ்சிய ஐவரும் 1687 சூலையில் சீனாவின் நிங்போ துறைமுகத்தை அடைந்தனர். மறு ஆண்டு பிப்ரவரியில் பெய்சிங் நகரம் சேர்ந்தனர். காங்சிப் பேரரசர் ஐவரில் இருவரைத் தம் அவையிலேயே வைத்துக்கொண்டார். அவர்களுள் ஒருவர் புவே. விஸ்தெலூ வெளி மாகாணங்களுக்குச் சென்று இறைப்பணி செய்தார். அங்கேதான் சீன மொழியையும் அதன் பழைய நூல்களையும் ஆழ்ந்து கற்றார். சீனர்களுக்கு அவர் லியூ யிங் ஆனார். அவருடைய புலமையைக் கண்டு பட்டத்து இளவரசரே வியந்தார் என்று கூறுவர்.

புதுவை தந்த மருந்து

அறிவியல் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. 1693இல் காங்சிப் பேரரசர் முறைக்காய்ச்சலால் வருந்தினார். அப்போது விஸ்தெலூவும் ஃபோந்தனே என்ற மூத்த துறவியும் ஒரு பவுண்டு சிங்கோனா மரப்பட்டையுடன் தலைநகருக்கு வந்து சேர்ந்தனர். அந்தப் பட்டையை அவர்களுக்கு அனுப்பியவர் புதுச்சேரியில் இருந்த தொலு என்ற துறவி. மருந்தால் பேரரசர் நலம் பெற்றார். நன்றியாக அத்துறவியருக்கு அரண்மனை நகருக்குள்ளேயே வீடு ஒன்று அளித்தார். தென்னமெரிக்காவில் வளர்ந்த மரத்தின் பட்டை, நம் சோழமண்டலக் கடற்கரை வழியாகச் சென்று சீனப் பேரரசரின் காய்ச்சலைத் தணித்தது. தம் வாழ்வின் பிற்பகுதி முழுவதையும் அதே புதுச்சேரியில் கழிக்கப்போவதை விஸ்தெலூ அன்று அறிந்திருக்க மாட்டார்.

கோடுகளின் நூல்

சீனாவின் பழம்பெரும் நூல்களுள் முதன்மையானது யீ சிங். மாற்றங்களின் நூல் என்பது அதன் பொருள். இதில் எழுத்துக்கு முன் கோடுகளே வருகின்றன. முழுக்கோடு ஒன்று; நடுவில் உடைந்த கோடு ஒன்று. மூன்று கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எட்டு வடிவங்கள் கிடைக்கும். வானம், நிலம், இடி, நீர், மலை, காற்று, நெருப்பு, ஏரி என்பன அவை. ஆறு கோடுகளை அடுக்கினால் 64 குறிகள் வரும். இரண்டை ஆறு முறை பெருக்கினால் 64 என்பது கணித மாணவர்க்குச் சொல்லாமலே விளங்கும்.

குறி கேட்கும் முறையும் கணக்கோடு கூடியதே. ஒரு செடியின் காய்ந்த தண்டுகள் ஐம்பதை எடுத்து, ஒன்றைத் தனியே வைத்துவிட்டு, 49 தண்டுகளை எண்ணாமல் இரண்டாகப் பிரிப்பர். பின் ஒவ்வொரு பகுதியையும் நான்கு நான்காக எண்ணி மீதியை ஒதுக்குவர். இவ்வாறு மூன்று முறை செய்தால் ஒரு கோடு. பதினெட்டு முறை செய்தால் ஒரு குறி. அக்குறிக்கு உரிய வாசகத்தைப் படித்து, தாம் நடக்க வேண்டிய வழியைச் சிந்திப்பர். கேட்டவுடன் விடை சொல்லும் சோதிடத்தைவிட இது பொறுமை மிகுந்தது. கன்பூசிய அறிஞர்கள் குறி கேளாத நாளிலும் அந்நூலை ஓதி, அன்றைய தம் நடத்தைக்கு அதை அளவுகோலாகக் கொண்டனர்.

இரு நண்பர், இரு பார்வை

அவையில் இருந்த புவே இந்நூலைக் கண்டு பரவசமடைந்தார். விவிலியத்தின் மறைபொருளே இக்கோடுகளில் ஒளிந்திருக்கிறது என்றும், கிறித்துவின் வருகையைச் சீனத்து முன்னோர் குறிப்பால் அறிந்திருந்தனர் என்றும் நம்பினார். 64 குறிகளின் படத்தைச் செருமானிய அறிஞர் லைப்னிட்சுக்கு அனுப்பினார். சுழியமும் ஒன்றும் மட்டுமே கொண்ட எண்முறையை முன்பே கண்டிருந்த லைப்னிட்ஸ், 1703இல் அப்படத்தைப் பெற்று, தம் எண்முறையை அதில் கண்டு மகிழ்ந்தார். இன்றைய கணிப்பொறிகள் இயங்குவது அந்த இரண்டு எண்களால்தான்.

விஸ்தெலூவின் வழி வேறு. ஒரு நூலின் பொருளை அதன் மக்களே எழுதிய உரைகளைக் கொண்டு அறிய வேண்டும் என்பது அவர் முறை. பிற்காலச் சீன உரையாசிரியர்களை அளவுக்கு மீறி நம்புகிறார் என்று உடன் துறவியர் அவரைக் குறை கூறினர். அவரோ தாம் வேண்டியதை அந்நூலில் தேட மறுத்தார்.

இச்சிக்கல் தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளில் கிறித்தவப் போதனையின் சாயல் உண்டு என்று ஜி. யு. போப் கருதினார். அவர் குறள்மீது கொண்ட அன்பில் ஐயமில்லை. ஆயினும் பரிமேலழகர் உரையோடு குறளைப் படித்தவர்க்கு அக்கருத்து ஒட்டாது. அன்பு மிகுதியால் பிறர் நூலைத் தம் நூலாக்கிக்கொள்வது ஒருவகை. பிறர் நூலைப் பிறர் நூலாகவே மதித்துப் படிப்பது மற்றொரு வகை. விஸ்தெலூ இரண்டாம் வகையினர்.

நேர்மைக்குக் கொடுத்த விலை

சீனக் கிறித்தவர்கள் தம் முன்னோர்க்கும் கன்பூசியருக்கும் செய்யும் சடங்குகளைத் தொடரலாமா என்ற வழக்கு அப்போது பெரிதாக எழுந்தது. தொடரலாம் என்றனர் இயேசு சபையார். இதனைத் தீர்க்கப் போப்பாண்டவர் தூர்னோன் என்பவரை அனுப்பினார். சீனா செல்லும் வழியில் 1703இல் புதுச்சேரியில் இறங்கிய தூர்னோன், 1704இல் தமிழ்க் கிறித்தவரின் வழக்கங்கள் சிலவற்றுக்குத் தடை விதித்தார். பின் 1707இல் சீனச் சடங்குகளையும் தடுத்தார்.

விஸ்தெலூ தூர்னோன் பக்கம் நின்றார். தம் சபையார் அனைவரும் ஒருபுறம் நிற்க, ஏறத்தாழ அவர் ஒருவரே மறுபுறம் நின்றார். சீன நூல்களைத் தாம் படித்த அளவில் அச்சடங்குகள் கிறித்தவத்தோடு பொருந்தா என்பது அவர் முடிவு. தூர்னோன் அவரை ஆயராக்கினார். சபைத் தலைவர்கள் அதனை ஏற்கவில்லை. சீனாவில் இருக்க இடமின்றி, 1709 சூனில் விஸ்தெலூ புதுச்சேரிக்குக் கப்பலேறினார். 22 ஆண்டுகள் வாழ்ந்த நாட்டை அவர் மீண்டும் காணவே இல்லை.

புதுவையில் தனிமை

புதுச்சேரியில் இயேசு சபைக்குச் சொந்த இல்லம் இருந்தும், விஸ்தெலூ கப்பூசின் துறவியரின் இல்லத்தில் தங்கினார். அங்கிருந்த ஆலயத்தின் வழிவந்ததே இன்று நாம் காணும் தூய தேவதைகளின் அன்னை ஆலயம். 1855இல் எழுந்த அக்கட்டடத்தை ஊர் மக்கள் இன்றும் கப்ஸ் கோயில் என்கின்றனர். கப்பூசின் என்ற பெயரே அவ்வாறு தேய்ந்தது.

அவர் கொண்டுவந்த செல்வம் 500க்கும் மேற்பட்ட சீன நூல்கள். துறவியின் ஒரு நாள் செபத்தால் வகுக்கப்பட்டது. குறித்த நேரங்களில் செபநூல் ஓதுவதும், அன்றைய குற்றங்குறைகளைத் தாமே எண்ணிப் பார்க்கும் ஆன்ம சோதனையும் அதன் கடமைகள். இடைப்பட்ட பொழுதெல்லாம் அவருக்குச் சீன நூல்களே துணை. தார்த்தாரியரின் வரலாற்றை எழுதினார். சியான் நகரில் 781ஆம் ஆண்டு நாட்டப்பட்ட கிறித்தவக் கல்வெட்டை மொழிபெயர்த்தார். வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியை இயற்றி முடித்த சில ஆண்டுகளுக்குள், 1728இல், புதுச்சேரியில் அமர்ந்து யீ சிங் நூலுக்கு ஒரு விளக்கம் எழுதினார் விஸ்தெலூ.

அவ்விளக்கத்தில் எடுத்துக்காட்டாக அவர் கொண்டது பதினைந்தாம் குறி. அதன் பெயர் அடக்கம். மேலே நிலம், கீழே மலை என்பது அதன் வடிவம். உயர்ந்து நிற்க வேண்டிய மலை நிலத்தின்கீழ் தாழ்ந்து நிற்கிறது. அக்குறியின் ஆறு கோடுகளும் நன்மையையே சொல்கின்றன. அடக்கமுடையாரின் தோற்றத்தை அளக்க வள்ளுவரும் மலையைத்தான் எடுத்துக்கொண்டார் என்பது நினைவுக்கு வருகிறது. தாழ்ந்தோரை இறைவன் உயர்த்துகிறான் என்று மரியன்னை பாடிய பாடலைக் குருக்கள் நாள்தோறும் மாலைச் செபத்தில் ஓதுகின்றனர். பகலில் சீனக் குறிநூலில் அடக்கத்தைப் பற்றிப் படித்தவர், மாலையில் அதே பண்பைச் செபமாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் குறியைச் செபமாக்கவோ, செபத்தைக் குறியாக்கவோ அவர் முயலவில்லை. இரண்டும் ஒரே அறையில் அருகருகே இருந்தன.

மறைவும் மதிப்பும்

1737 நவம்பர் 11ஆம் நாள், தம் 81ஆம் வயதில், விஸ்தெலூ புதுச்சேரியில் காலமானார். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பைத் தொடங்கி ஓராண்டே கடந்திருந்த காலம் அது. யீ சிங் விளக்கம் அவர் மறைந்து 33 ஆண்டுகள் கழித்து, 1770இல் பாரிசில் அச்சேறியது. அவர் ஆதரித்த தடையை 1742இல் போப்பாண்டவர் உறுதி செய்தார். ஆனால் 1939இல் திருச்சபையே அத்தடையைத் தளர்த்தியது. முன்னோர்க்குச் செய்யும் மரியாதை குடும்ப வழக்கம் என்று அப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆகவே விஸ்தெலூவின் தீர்ப்பைக் காலம் முழுவதும் ஏற்கவில்லை. நூல் சொல்வதைக் கற்ற அளவுக்கு, வீட்டில் விளக்கேற்றித் தந்தையை வணங்கும் எளிய சீனரின் நெஞ்சத்தை அவர் எண்ணினாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

எனினும் அவரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. தாம் ஏற்காத ஒரு நூலை அவர் எள்ளி நகையாடவில்லை. அரைகுறையாகப் படித்துத் தள்ளவுமில்லை. தம்மைத் தாயகமாகிய சபையிலிருந்து பிரித்த அந்நூல்களையே கடல் கடந்து சுமந்து வந்து, இறுதிவரை படித்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதலில் மிதித்தது நானே. இக்கல்லூரியில் என்னைப் போன்றோர் பலர் உள்ளனர். நாம் கற்கும் அறிவியல், பூக்கட்டிப் பார்ப்பதை ஏற்காது. அதனால் பூக்கட்டும் நம் அன்னையரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. படித்துவிட்டோம் என்ற கூச்சத்தால், அதிலும் அறிவியல் உண்டு என்று இல்லாததைப் புனைவதும் எளிது. இரண்டையும் விடுத்து, அவர்கள் எந்த அச்சத்தால், எந்த நம்பிக்கையால் அதைச் செய்கின்றனர் என்று பொறுமையாகக் கேட்டறிவதே கடினம். மழைக்கு அஞ்சி உப்பைக் காக்கும் கைகள்தாம் நம்மைக் கல்லூரிக்கு அனுப்பின. அக்கைகள் கட்டும் பூவையும் நாம் மதித்துப் படிக்கக் கற்போமாக!