கதிரவனைக் காவல் காத்தவர்



“என்ன வெயில் இது!” என்று அலுத்துக்கொள்கிறோம். அந்த வெயிலைத் தரும் கதிரவனையே ஏழாண்டுகளுக்கு மேல் காவல் காத்த ஒருவரைத் தெரியுமா உங்களுக்கு? அவர்தான் ரிச்சர்டு கேரிங்டன்.

1826ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தை பீர் ஆலை நடத்திய செல்வர். மகன் பாதிரியாராக வேண்டுமென்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். மகனின் மனமோ வானத்தைச் சுற்றியது! படிப்பு முடிந்ததும் டர்ஹாம் வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்தார். பின்பு ரெட்ஹில் என்னும் ஊரில் சொந்தமாக ஒரு கூடம் கட்டினார். அங்கே 3,735 விண்மீன்களை அளந்து பட்டியலிட்டார். 1859இல் தங்கப் பதக்கம் கிடைத்தது.

இரவெல்லாம் விண்மீன், பகலில் சும்மா இருந்தாரா? இல்லை. 1853 முதல் கதிரவனின் கரும்புள்ளிகளை வரைந்து வந்தார். கதிரவனை நேரே பார்த்தால் கண் போய்விடுமல்லவா? தொலைநோக்கி வழியே உருவத்தைத் திரையில் விழச் செய்து வரைந்தார். கதிரவனின் நடுப்பகுதி வேகமாகவும் மற்ற பகுதி மெதுவாகவும் சுழல்கிறது என்று கண்டார்.

1858இல் தந்தை காலமானார். ஆலைப் பொறுப்பு தலையில் விழுந்தது. வேறொருவர் என்றால் விட்டிருப்பார். இவர் விடவில்லை.

1859 செப்டம்பர் 1, காலை 11.18. பெரிய கரும்புள்ளிக் கூட்டத்தின் மேல் திடீரென இரண்டு வெள்ளொளிகள்! சாட்சிக்கு ஆள் கூப்பிட ஓடினார். ஒரு நிமிடத்திற்குள் திரும்பி வந்தால், ஒளி மங்கிவிட்டது! நல்லவேளையாக, ஹாட்ஜ்சன் என்ற இன்னொருவரும் வேறோரிடத்தில் அதைப் பார்த்திருந்தார்.

ஏறத்தாழ 17 மணி நேரம் கழித்து உலகமெங்கும் காந்த ஊசிகள் தடுமாறின. வடதுருவத்தை ஒட்டித் தெரியும் வண்ண ஒளி கியூபா வரை தெரிந்தது. தந்தி ஊழியர் சிலருக்கு மின்னதிர்ச்சி. அமெரிக்காவில் சிலர் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கம்பியில் தானாக ஓடிய மின்சாரத்திலேயே தந்தி அடித்தார்கள்!

கதிரவன் வீசிய மின்னூட்டப் புகைமண்டலம் பூமியின் காந்தத்தை உலுக்கியது. அதனால் நீண்ட கம்பிகளில் மின்சாரம் பாய்ந்தது. இது இன்று நமக்குத் தெரியும். கேரிங்டனோ, இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று நினைத்தாலும், ஒரே ஒரு நிகழ்ச்சியை வைத்து அடித்துச் சொல்லவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தார். அதுதான் பெரிய மனது!

பிற்காலத்தில் துயரங்கள் சூழ, 1875 நவம்பர் 27இல் 49ஆம் வயதில் மறைந்தார்.

அவர் எழுதி வைத்தது வீண்போகவில்லை. 1989 மார்ச்சில் இத்தகைய புயலால் கனடாவின் கியூபெக்கில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் 9 மணி நேரம் இருளில் கிடந்தனர். 2024 மே மாதப் புயலில், துணைக்கோள் வழிகாட்டும் டிராக்டர்கள் தடம் தெரியாமல் நிற்க, அமெரிக்காவில் விதைப்பு தடைப்பட்டது. இன்று கதிரவனை இரவும் பகலும் கண்காணித்து முன்னெச்சரிக்கை தருகிறார்கள்.

தவறாமல் அதிகாலைப் பெரட்டுக்குப் போகும் பெற்றோர்களே, உங்களுக்கு இது நன்றாகப் புரியும். அந்த ஒளி இருந்தது ஐந்தே நிமிடம். நாள்தோறும் வேலையில் நின்றவர் கண்ணில்தான் அது பட்டது. பிள்ளைகளே, பரிசு பெற்றவர்களும் பெறாதவர்களும் நாளைக் காலை மறுபடி புத்தகத்தைத் திறங்கள்!