பொதுச்சொத்தான பாரதியார்

மன்னார்த் தீவின் பள்ளிமுனையிலே ஆசிரியர் ஒருவர் பாரதியார் பாட்டொன்றைப் பிரதி செய்து தம் வகுப்பு மாணாக்கர் அனைவர்க்கும் வழங்குவாராயின், இன்று அவரைத் தடுப்பார் எவருமிலர். ஆயின், சேதுக் கடலுக்கு அக்கரையிலே 1948ஆம் ஆண்டில் அக்கவிஞரின் பாட்டைத் திரைப்படத்திற் சேர்த்த டி. கே. எஸ். சகோதரர்கள் வழக்கை எதிர்நோக்க நேர்ந்தது. பாட்டு ஒருவரது சொத்தாயிருந்த காலம் அது.

சுப்பிரமணிய பாரதியார் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்திலே பிறந்தார். இளமையிலே தாயையும் தந்தையையும் இழந்தார். காசியிலே கற்றார். 1904ஆம் ஆண்டிலே மதுரைச் சேதுபதி பள்ளியிற் சில மாதம் தமிழாசிரியராயிருந்து, சென்னைக்குச் சென்று பத்திரிகைத் தொழிலில் இறங்கினார். தம் எழுத்தை விற்றுப் பொருள் சேர்க்கும் ஆற்றல் அவருக்கு என்றுமே வாய்க்கவில்லை. 1907ஆம் ஆண்டிலே அவர் பாடல்கள் சிலவற்றை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கியவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அரசியலிலே அவர் பாரதியாருக்கு எதிர்க் கட்சியினர் என்பது வியப்பன்றோ!

1908 முதற் பத்தாண்டு புதுச்சேரியிலே அடைக்கலம். அதன்பின் கடையத்திலே வறுமை. அவ்வறுமையினூடே 1920ஆம் ஆண்டில் அவர் தீட்டிய திட்டம் பெரிது. தம் எழுத்தெல்லாவற்றையும் நாற்பது நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதி அச்சிட்டு, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் புகச் செய்ய எண்ணினார். கடனுதவி வேண்டி அன்பர்களுக்கு விண்ணப்பமும் அனுப்பினார். பணம் வரவில்லை. மறு ஆண்டு செப்டம்பரிலே, முப்பத்தொன்பது வயது நிரம்புமுன், திருவல்லிக்கேணியிலே மறைந்தார்.

அவர் விட்டுச் சென்ற செல்வம் கையெழுத்துப் பிரதிகளே. மனைவியார் செல்லம்மாள் முதலில் தாமே பதிப்பித்துப் பார்த்தார். பின்னர் 1931ஆம் ஆண்டிலே உரிமையைப் பாரதி பிரசுராலயத்தாருக்கு 4,000 ரூபாவுக்கு விற்றார். அதனை நடத்தியவருள் ஒருவர் கவிஞரின் தம்பி சி. விசுவநாதன். இவரைக் குறைகூறுவோர் பலர். ஆனால், 1928ஆம் ஆண்டிலே அரசாங்கம் தேசியப் பாடல் நூல்களைத் தடைசெய்து பறிமுதல் செய்த நெருக்கடியிலும் பாரதி நூல்களைக் கைவிடாது அச்சேற்றி வந்தது அப்பிரசுராலயமே என்பதை மறத்தல் தகாது. இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமையோ தனியே பிரிந்து வணிகர் கைக்குப் போயிற்று. 1946ஆம் ஆண்டிலே ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் அதனை வாங்கினார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவரது 'நாம் இருவர்' படம் பாரதி பாடல்களைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பியதும் உண்மை. பரப்பியவரே பிறரைத் தடுக்கவும் உரியவரானார் என்பதுதான் சிக்கல்.

நாரண துரைக்கண்ணன், வ. ரா. முதலிய எழுத்தாளர் கிளர்ந்தெழுந்தனர். 1949 மார்ச்சிலே சென்னை அரசாங்கம் உரிமையை மேற்கொண்டது. மெய்யப்பர் பொருள் பெறாமலே தம் பங்கை ஈந்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாவும், செல்லம்மாளுக்கும் இரு புதல்வியருக்கும் தலைக்கு 5,000 ரூபாவும் கிடைத்தன. 1955ஆம் ஆண்டிலே அவ்வுரிமை மக்களுக்கே உரியதென விடப்பட்டது. கவிஞர் கேட்ட கடன் அவர் வாழ்நாளிலே கிட்டியிருந்தால், இத்தனை கைமாற்றம் வேண்டியிராது.

ஏனைய ஆசிரியர்களின் நூல்களுக்கு இவ்வசதி இல்லை. இலங்கையிலே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆசிரியர் இறந்து எழுபதாண்டு வரை உரிமையைக் காக்கிறது. கற்பித்தலின் பொருட்டு வகுப்பறைக்கெனச் சில பிரதிகள் எடுப்பதை நியாயமான பயன்பாடாக ஏற்கவும் செய்கிறது. எவ்வளவு பகுதி, எந்நோக்கம், நூலின் விற்பனைக்கு ஊறுண்டா என்பவற்றையெல்லாம் சீர்தூக்கியே அது முடிவாகும். பாரதியார் பாடலுக்கு இக்கணக்கொன்றும் வேண்டியதில்லை. எனினும், அண்மையிலே ஒருவர் எழுதிச் சேர்த்த முன்னுரையும் குறிப்புரையும் அவ்வுரைகாரருக்கே உரியன. பள்ளிமுனை ஆசிரியர் பாட்டை மட்டும் பிரதி செய்தாற் போதும்.