மீன்களுக்குப் பெயர் சூட்டிய டாக்டர்

குழந்தைகளே! வண்ண மீன் கடைகளில் கோமாளி மீனைப் பார்த்திருப்பீர்கள். ஆரஞ்சு நிற உடம்பு, அதில் வெள்ளைப் பட்டைகள். 2003-ஆம் ஆண்டு வந்த திரைப்படத்தில் 'நீமோ' என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற மீன் இது.

கடலில் இந்த மீன் கடல் சாமந்தியின் நடுவே குடியிருக்கும். நிலக்கோட்டைச் சந்தைக்கு வருகிற சாமந்திப் பூ என்று நினைத்துவிடாதீர்கள். கடல் சாமந்தி ஓர் உயிரினம்! பூவிதழ் போலத் தெரிபவை அதன் கொடுக்குகள். அவை தொட்டால் சிறு மீன்கள் மயங்கிச் செத்துப்போகும். கோமாளி மீனை மட்டும் அவை ஒன்றும் செய்வதில்லை. அதன் உடம்பில் உள்ள வழவழப்பான பூச்சுதான் காப்பு.

விஞ்ஞானிகள் இந்த மீன் இனத்தை 'ஆம்பிபிரியான்' என்கிறார்கள். இந்தப் பெயரைத் தந்த நூல் மார்க்கஸ் எலீசர் பிளோக் என்பவருடையது. வியப்பு என்ன தெரியுமா? கடல் சாமந்திக்குள் இந்த மீன் நீந்துவதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை!

பிளோக் 1723-ஆம் ஆண்டு ஜெர்மனியில் அன்ஸ்பாக் என்ற ஊரில் பிறந்தார். ஏழை யூதக் குடும்பம். அந்தக் காலத்தில் யூதர்களுக்கு அங்கே பல தடைகள் இருந்தன. சிறுவன் பிளோக் எபிரேய மொழியில் சமய நூல்களை மட்டுமே படித்தான். 19 வயதிலும் அவருக்கு ஜெர்மன் மொழி படிக்கத் தெரியாது. விஞ்ஞான நூல்கள் எழுதப்பட்ட லத்தீனும் தெரியாது.

பிறகு ஹாம்பர்க் நகரில் ஒரு யூத மருத்துவர் வீட்டில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே தானும் படித்தார். ஜெர்மன் கற்றார், லத்தீன் கற்றார், உடற்கூறும் கற்றார். உறவினர்கள் உதவியால் பெர்லின் போனார். மருத்துவப் பட்டம் பெற்று, அந்த நகரத்தின் பேர்பெற்ற டாக்டர்களில் ஒருவரானார்.

இத்துடன் கதை முடிந்திருக்கலாம். ஆனால் ஒரு மீன் அவர் வாழ்க்கையையே மாற்றியது!

மரேனா என்பது ஓர் ஏரி மீன். அது பிளோக்குக்குக் கிடைத்தபோது, லின்னேயஸ் எழுதிய புகழ்பெற்ற நூலில் அதன் பெயரைத் தேடினார். உயிரினங்களுக்கெல்லாம் பெயர் வைத்த மேதை லின்னேயஸ். அவர் நூலிலேயே அந்த மீன் இல்லை! அப்படியானால் இன்னும் எத்தனை மீன்கள் விடுபட்டிருக்கும் என்று பிளோக் யோசித்தார். 1779-இல் மரேனாவைப் பற்றி அவரே எழுதினார். அப்போது அவருக்கு வயது 56.

பகலில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். மீதி நேரமெல்லாம் மீன்தான். 1782-இல் மீன்களைப் பற்றிய அவருடைய பெரிய நூலின் முதல் தொகுதி வந்தது. 1795 வரை மொத்தம் 12 தொகுதிகள். 432 வண்ணப் படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கையால் வண்ணம் தீட்ட வேண்டிய காலம் அது. செலவு அவர் கையை மீறிப் போனது. முதல் தொகுதிகளைச் சொந்தப் பணத்தில் கொண்டுவந்தார். பிற்பாடு பிரபுக்களும் அறிஞர்களும் ஆளுக்கொரு படத்தின் செலவை ஏற்றுக்கொண்டார்கள். உதவியவரின் பெயரைப் படத்தின் அடியிலேயே அச்சிட்டார் பிளோக்.

வெளிநாட்டு மீன்கள் பெர்லினுக்கு எப்படி வந்தன? இங்கேதான் நம் தமிழ்நாடு வருகிறது. தரங்கம்பாடி அப்போது டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. அங்கே பள்ளிகள் நடத்திய பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், மீன்களைச் சேகரித்து பிளோக்குக்கு அனுப்பினார். சூயஸ் கால்வாய் இல்லாத காலம். கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பல மாதங்கள் போக வேண்டும். நன்றி மறவாத பிளோக், கத்தாளை மீன்களில் ஓர் இனத்துக்கு 'ஜானியஸ்' என்று பாதிரியாரின் பெயரையே வைத்தார்.

நம் ஊர்க் கண்மாய்களில் வலை வீசும்போது சிக்குகிற விரால் மீனை விஞ்ஞான முறைப்படி முதலில் விவரித்தவரும் பிளோக்தான். ஆண்டு 1793. பனையேறிக் கெண்டையும் தேளியும்கூட அவர் நூலில்தான் முதலில் இடம்பெற்றன. அடுத்த முறை மீன் கடைக்குப் போனால் இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கோமாளி மீனுக்கு வருவோம். 1790-இல் இரண்டு வகைக் கோமாளி மீன்களை பிளோக் விவரித்தார். ஒன்றுக்கு முதுகில் குதிரைச் சேணம் போலக் கறுப்புத் திட்டு. மற்றொன்றுக்குக் கண்ணுக்குக் கீழே முள். அவற்றை வைத்தே பெயர் சூட்டினார். பிளோக் 1799-இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற கடைசி நூலை ஷ்னைடர் என்ற அறிஞர் 1801-இல் முடித்து வெளியிட்டார். 'ஆம்பிபிரியான்' என்ற பெயர் அதில்தான் வந்தது. இருபுறமும் ரம்பம் என்பது அதன் பொருள். செவுள் மூடியின் ஓரம் ரம்பப் பல் போல இருப்பதால் அந்தப் பெயர்.

செத்த மீனில் என்ன தெரியும்? சேணம் தெரியும், முள் தெரியும், ரம்பம் தெரியும். யாரோடு குடியிருந்தது என்பது தெரியாது! அந்த அதிசயத்தை 1868-இல் காலிங்வுட் என்ற ஆங்கிலேயர் எழுதினார். தென்சீனக் கடலில், பெரிய கடல் சாமந்திகளுக்குள் மீன்கள் வாழ்வதை அவர் நேரில் கண்டிருந்தார்.

அப்படியானால் கடல் சாமந்தி இல்லாமல் கோமாளி மீன் உயிர் வாழாதா? இதற்கு விடை சொன்னது கண்ணாடித் தொட்டி. நன்றாகவே வாழும்! கடலில் பெரிய மீன்கள் துரத்தும்; அதனால் ஒளிய இடம் வேண்டும். தொட்டியில் துரத்த ஆள் இல்லை. ஒரு சிறு மண் கலயத்தைச் சாய்த்து வைத்தால், அதையே வீடாக்கிக்கொள்ளும். புதிதாக வளர்ப்பவர்கள் கடல் சாமந்தியை வாங்காமல் இருப்பதே நல்லது. அதற்கு மிகுந்த வெளிச்சமும் பல மாதங்கள் பழகிய நீரும் வேண்டும். அது செத்தால் தொட்டி நீர் முழுவதும் கெட்டு, மீனும் செத்துப்போகும்.

கடல் இல்லாத திண்டுக்கல்லிலும் பெரியவர்கள் துணையோடு இந்த மீனை வளர்க்கலாம். சமையல் உப்பு ஆகாது. கடல் மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பை, குளோரின் நீக்கிய நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கலக்க வேண்டும். உடனே மீனை விட்டுவிடாதீர்கள்! மீனின் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் தொட்டியில் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை பொறுக்க வேண்டும். நீரின் வெப்பம் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்கட்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தனிக் கவனம் தேவை. கடலில் பிடித்த மீனை வாங்காமல், பண்ணையில் பொரித்த குஞ்சுகளைக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

பிளோக் சேர்த்த மீன்களில் நூற்றுக்கணக்கானவை பெர்லின் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. 19 வயதிலும் ஜெர்மன் படிக்கத் தெரியாதிருந்தவர், 56 வயதில் மீனைப் பற்றி எழுதினார். படிக்க வயது ஒரு தடையில்லை என்பதற்கு இவரே சாட்சி. அவருக்குக் கிடைத்தது அசையாத மீன். உங்களுக்கோ கண்ணெதிரே நீந்துகிற மீன்! ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். மீன் எங்கே தூங்குகிறது, எதைச் சாப்பிடுகிறது என்று தேதி போட்டு எழுதிவாருங்கள். வீட்டில் தொட்டி இல்லையா? பக்கத்துக் கண்மாயில் இருக்கிற விராலும் போதுமே!