நூறு வார்த்தா எத்தனை தேறும்?

மெக்கானிக்கல் படிக்கிற நம்ம எல்லாருக்கும் ஜஸ்ட் இன் டைம் தெரியும். தேவையான பொருள், தேவையான அளவுல, தேவையான நேரத்துக்கு வரணும், குடோன்ல குவிக்கக் கூடாது. இன்டர்னல்ல ரெண்டு மார்க். ஆனா அந்த முறையை டொயோடாவுல தொடங்கின கீச்சிரோ டொயோடா முதல்ல திணறினது வார்ப்புப் பட்டறையில.

1894-ல பிறந்தவர். அப்பா சகிச்சி, நூல் அறுந்தா தானா நிக்கிற தறியைச் செஞ்சவர். கீச்சிரோ டோக்கியோவுல மெக்கானிக்கல் முடிச்சிட்டு, 1933-ல தறிக் கம்பெனிக்குள்ளயே கார் பிரிவு ஆரம்பிச்சார். ஒரு செவர்லே காரை வாங்கி அக்கக்கா கழட்டிப் பார்த்தாங்க.

பார்த்து வரையலாம். வார்க்கறதுதான் பாடு. சிலிண்டர் பிளாக்குக்குள்ள வைக்கிற மணல் கோர் சரியா அமையாம வார்ப்பு வார்ப்பா கழிவுக்குப் போச்சு. நாளைக்கு 80 பிளாக் வேணும், நூத்துக்கு 80 தேறும்னா 100 வார்க்கலாம். அந்த 80 தினமும் மாறினா? கம்மியா வார்த்தா லைன் நிக்கும், அதிகமா வார்த்தா குடோன் நிறையும். இன்னைக்குத் தேறினதைப் பார்த்து நாளைய கணிப்பையும் ஆர்டரையும் திருத்திக்கிட்டே போறதைத்தான் இப்ப அடாப்டிவ் கண்ட்ரோல்ங்கறாங்க.

எங்க காயல்பட்டினத்துல இருந்து ஆறுமுகநேரி பக்கம் போனா உப்பளம். எவ்வளவு விளையும்னு வெயிலும் மழையும்தான் முடிவு பண்ணும். அதனால ஐப்பசி மழைக்கு முன்னாடியே அம்பாரமா குவிச்சு, ஓலை போட்டு மூடிடுவாங்க. ஜஸ்ட் இன் டைம் படிச்சவன் அதை வேஸ்ட்னு எழுதுவான். மழையை நிறுத்த முடியாதவனுக்கு வேற என்ன வழி?

கீச்சிரோவுக்கு மழை இல்ல, மணல். அதைத் திருத்தலாம். மாத்தி மாத்தி வார்த்துப் பார்த்து, 1934 செப்டம்பர்ல முதல் எஞ்சின் தயாராச்சு. 1935-ல வந்த ஜி1 லாரி அடிக்கடி வழியில நின்னுச்சு, அது தனிக் கதை. 1937-ல டொயோடா மோட்டார் கம்பெனி. 1938-ல கொரோமோ ஆலை திறந்தப்போ அங்க ஜஸ்ட் இன் டைமை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஆனா போர்க்காலத்துல மூலப்பொருள் அரசாங்கக் கட்டுப்பாட்டுக்குப் போச்சு. எது எப்ப வரும்னே தெரியாத நிலையில அந்த முறை நிக்கல.

போருக்கு அப்புறம் பணமுடை. 1950-ல ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம். பொறுப்பை ஏத்துக்கிட்டு ஜூன் மாசம் தலைவர் பதவியை விட்டார். கொடுமை என்னன்னா, அதே ஜூன் கடைசியில கொரியப் போர் தொடங்கி, அமெரிக்க ராணுவத்தோட லாரி ஆர்டர் வந்து கம்பெனி தப்பிச்சது. திரும்ப வரச் சொன்னாங்க, ஒத்துக்கிட்டார். பதவி ஏக்கறதுக்குள்ள 1952 மார்ச் 27-ல இறந்துட்டார். வயசு 57.

ஆலையில கான்பான் அட்டையைத் தாயிச்சி ஓனோ பழக்கத்துக்குக் கொண்டுவந்தது அதுக்கப்புறம்தான். அதுலயும் அதே வார்ப்புப் பட்டறைக் கணக்குதான்: பழுது கூடினா ஒரு அட்டை சேர்க்கணும், குறைஞ்சா ஒரு அட்டையை உருவிடணும்.