இரு சுரப்பிகளின் சமன்நிலை கண்ட பெர்னார்டோ ஹூசாய்

நீரிழிவு என்றதும் நாம் கணையத்தையும் அது சுரக்கும் இன்சுலினையும் மட்டுமே நினைக்கின்றோம். மூளையின் அடிப்புறத்தில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கும் அந்நோய்க்கும் உள்ள உறவை உலகுக்கு உணர்த்தியவர் அர்ஜென்டினா நாட்டு அறிஞர் பெர்னார்டோ ஹூசாய் ஆவார். ஆய்வுக்கு வாழ்வையும் நாட்டுக்கு ஆய்வையும் ஒப்படைத்த அப்பெருமகனாரின் வரலாறு மாணவர் அறிய வேண்டிய ஒன்றாகும்.

பிரான்சிலிருந்து குடியேறிய குடும்பத்தில், 1887 ஏப்ரல் 10ஆம் நாள் புவெனஸ் அயர்ஸ் நகரில் ஹூசாய் பிறந்தார். பதினான்காம் அகவையில் மருந்தியல் பள்ளியில் சேர்ந்து, பதினேழாம் அகவையில் பட்டம் பெற்றார். பின்னர் மருத்துவம் பயின்று, பிட்யூட்டரி சுரப்பியைப் பற்றிய ஆய்வேட்டுக்காக 1911இல் முனைவரானார். இளமையில் பற்றிய அப்பொருளை அவர் இறுதிவரை விடவில்லை. 1919இல் புவெனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியராகி, அங்கு உடலியங்கியல் நிறுவனத்தையும் தோற்றுவித்தார்.

1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். குருதியில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் கிடைத்துவிட்டது. அதனை எதிர்த்து நிற்பது எது என்னும் வினா எஞ்சி நின்றது. ஹூசாய் தேரைகளையும் நாய்களையும் கொண்டு விடை தேடினார். பிட்யூட்டரி நீக்கப்பெற்ற விலங்குகள், பிற விலங்குகள் எளிதில் தாங்கும் இன்சுலின் அளவைத் தாங்கவியலாது வீழ்ந்தன. கணையத்தை நீக்கினால் நாய்க்குக் கடும் நீரிழிவு தோன்றும் என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆயின், கணையத்தோடு பிட்யூட்டரியையும் நீக்கியபோது நோயின் கடுமை பெரிதும் தணிந்தது. 1930ஆம் ஆண்டையொட்டி, பியாசோட்டி என்னும் உடனாய்வாளருடன் அவர் இதனை நிறுவினார். பிட்யூட்டரியின் முன்மடல் சாற்றைச் செலுத்தியபோது சர்க்கரை மீண்டும் உயர்ந்தது.

ஒரு சுரப்பி ஏற்ற, மற்றொன்று இறக்க, இரண்டன் சமன்நிலையிலேயே உடல்நலம் அமைகின்றது என்பதே இவ்வாய்வு காட்டிய உண்மையாகும். முன்மடல் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினை எதிர்ப்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவ்வியக்குநீர் மிகையாகச் சுரந்து கை, கால், முக எலும்புகள் பருக்கும் நோயாளருக்கு நீரிழிவு தோன்றுவதன் காரணமும் இதனால் விளங்கிற்று.

புகழ் வளர்ந்த காலத்தில் சோதனையும் வந்தது. 1943இல் படைத்துறையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். மக்களாட்சி நடைமுறைக்கு வரவேண்டும் என்னும் அறிக்கையில் ஹூசாயும் கையொப்பமிட்டார். அதன் பொருட்டுப் பதவி பறிக்கப்பட்டது. 1945இல் மீண்டும் அமர்த்தப்பெற்றவர் மறு ஆண்டே மீளவும் விலக்கப்பட்டார்.

ஆய்வுக்கூடம் இழந்த அறிஞருக்கு அயல்நாட்டு அழைப்புகள் வந்தன. செல்வமும் வசதியும் கருதிச் சென்றிருப்பின் எவரும் பழித்திரார். அவரோ தாய்நாட்டைவிட்டு அகலவில்லை. தனியார் கொடையைக் கொண்டு 1944இல் உயிரியல், மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, தம் மாணாக்கருடன் பணியைத் தொடர்ந்தார். அரசு கைவிட்ட அவரை 1947இல் மருத்துவ நோபல் பரிசு தேடி வந்தது. பரிசின் பாதி அவருக்கும், மறுபாதி கார்ல் கோரி, கெர்ட்டி கோரி இணையருக்கும் வழங்கப்பட்டன. அறிவியல் துறைகளில் நோபல் பரிசு பெற்ற முதல் இலத்தீன் அமெரிக்கர் அவரே என்பது குறிப்பிடத்தக்கது.

1955இல் ஆட்சி மாறியபின் பல்கலைக்கழகம் அவரை மீண்டும் ஏற்றது. 1958இல் நாட்டின் அறிவியல் ஆய்வு மன்றம் அமைந்தபோது அதன் முதல் தலைவரானார். அவரிடம் பயின்ற லூயிஸ் லெலாயர் 1970இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றதைக் கண்டு, மறு ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஹூசாய் மறைந்தார். அவர் பிறந்தநாளை அர்ஜென்டினா அறிவியல் ஆய்வாளர் நாளாகக் கொண்டாடுகின்றது.

ஆய்வுக்கு வேண்டிய கருவிகள் இல்லையே, ஊக்குவிப்பார் இல்லையே என நாம் பலகால் வருந்துகின்றோம். அவ்வருத்தம் பொய்யன்று. எனினும் தேரையைக் கொண்டு பேருண்மை கண்டவரும், பதவி போனபோதும் பாடம் நிறுத்தாதவருமான ஹூசாயின் வாழ்வை எண்ணிப் பார்ப்போமாயின், நம் கையில் இருப்பதைக் கொண்டு தொடங்கும் துணிவு நமக்கும் பிறக்கும் என்பது உறுதி.