மலைகளைப் படித்த ஆசிரியர்

பாலாற்றங்கரையில் உள்ள வேலூர், ஆம்பூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து பழமையான பாறைக் குன்றுகள் நிற்கின்றன. அவற்றின் பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். நாள்தோறும் அவற்றைக் காணும் மாணவருள் இதனை அறிந்தோர் சிலரே. இவ்வட்டாரத்துத் தோல் பதனிடும் சாலைகளிலிருந்து வெளியேறிய கழிவுநீர் கிணறுகள் பலவற்றைக் கெடுத்தது. அந்நீர் பாறை வெடிப்புகளின் வழியாகவும் ஆற்று மணலின் வழியாகவும் எவ்வாறு பரவுகிறது என்பதைக் கற்பிக்கும் துறை நிலவியலாகும். அத்துறையை இந்திய மாணவர்க்கு எளிதில் எட்டச் செய்தவர் தாராஷா நோஷர்வான் வாடியா.

வாடியா 1883-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25-ஆம் நாள் சூரத் நகரில் பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தார். பரோடாக் கல்லூரியில் கல்வி பயின்றார். அந்நகரப் பொருட்காட்சிச் சாலையில் வைக்கப்பட்டிருந்த கற்களே அவருக்குப் பாதி ஆசிரியராக விளங்கின எனலாம்.

1907-இல் ஜம்மு நகரத்துப் பிரின்ஸ் ஆப் வேல்ஸ் கல்லூரியில் ஆசிரியரானார். பதினான்கு ஆண்டுகள் அங்குப் பணியாற்றினார். நகரை அடுத்துச் சிவாலிக் குன்றுகள் இருந்தன. வாடியா மாணவரை அக்குன்றுகளுக்கே அழைத்துச் சென்று பாடம் நடத்தினார். பண்டைக் காலத்து யானையினம் ஒன்றன் நீண்ட தந்தத்தை அங்கே அவர் கண்டெடுத்தார். ஆயினும் ஒரு குறை அவரை வருத்திற்று. இந்திய நிலவியலைப் பற்றி அரசு வெளியிட்டிருந்த நூல் துறை அறிஞர்க்கே உரியது. மாணவர் கையாளத்தக்க நூல் இல்லை. அக்குறையை நீக்க அவரே எழுதிய இந்திய நிலவியல் நூல் 1919-இல் வெளிவந்தது. பல பதிப்புகள் கண்ட அந்நூலைப் பல தலைமுறை மாணவர் பயின்றனர். அவர் பெற்ற பட்டங்கள் அனைத்தினும் இந்நூலே பெரிது என்று சொல்லத் தோன்றுகிறது.

1921-இல், தம் முப்பத்தெட்டாம் வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். பிறர் ஓரிடத்தில் நிலைத்து அமரும் வயதில் அவர் பனிமலை ஏறத் தொடங்கினார். நங்கபர்வதத்தைச் சுற்றி இமயத் தொடர்கள் முழங்கால்போல் வளைந்திருப்பதன் காரணத்தை ஆராய்ந்தார். தென்னாட்டின் தொல்பாறை நிலத்தோடு தொடர்ந்த வலிய நிலப்பகுதி ஒன்று வடக்கே நாக்குப்போல் நீண்டு தடுத்ததனால் மலைகள் வளைந்தன என்று விளக்கினார். வேலூர்க் குன்றுகள் அத்தொல்நிலத்தைச் சேர்ந்தவையே.

1938 முதல் 1944 வரை இலங்கை அரசின் கனிமவியலாளராகப் பணிபுரிந்தார். 1943-இல் இலண்டன் நிலவியற் கழகம் அவருக்கு லயல் பதக்கம் வழங்கிற்று. இந்திய நிலவியலார்க்கும் அத்தகைய கழகம் ஒன்று வேண்டுமென்று அறிஞர் பலர் விரும்பினர். 1958-இல் பெங்களூரில் இந்திய நிலவியற் கழகம் தோன்றியபோது, முதுமை எய்தியிருந்த வாடியா அதன் முதல் தலைவரானார். மறு ஆண்டே கழகத்தின் ஆய்விதழ் வெளிவரத் தொடங்கிற்று.

1969-ஆம் ஆண்டு சூன் 15-ஆம் நாள் வாடியா மறைந்தார். பிற்காலத்தில் அக்கழகம் பள்ளி மாணவரையும் நாடிற்று. உலகப் புவி அறிவியல் ஒலிம்பியாடு போட்டிக்கு 9 முதல் 12 வரையுள்ள வகுப்பு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகளை நடத்திற்று. 2016-இல் அப்போட்டி மைசூரில் நடைபெற்றது. அதில் ஏட்டுத் தேர்வோடு, வெளிக்களத்தில் நிலத்தை நேரே கண்டு ஆராயும் தேர்வும் உண்டு.